என் வேலிக்குள்ளிருந்து

ஹர்டாங்கர், 2 ஏப்ரல் 1959

அன்புள்ள ஸிவெர்ட் அண்ணா,

நீயும் உன் ஆஸ்லோ ஜலதோஷமும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நலம். குளிர்காலம் முழுக்க ஒரு தும்மல்கூடப் போடவில்லை. தும்ம நேரம் கிடைத்தால்தானே?

நீ கேட்டதற்குப் பதில்: வடக்குச் சுவரோரப் பியோனிப் பூச்செடிகள் பிழைத்துவிட்டன. சிவப்பு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அப்பா வைத்த வெள்ளைப் பியோனி மட்டும் இன்னும் தலைகாட்டவில்லை. அதற்கு எப்போதும் கொஞ்சம் திமிர், எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் வரும். உறைபனி மண்ணைத் தூக்கியதில் சில கிழங்குகள் வெளியே தெரிந்தன. இரண்டு விரல் கனத்துக்கு மேல் மண் போடாமல் மூடினேன். ஆழமாகப் புதைத்தால் இலை வரும், பூ வராது.

இனி என் விஷயம். பிப்ரவரியிலேயே எழுதினேன், நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. படகுத்துறை எஞ்சின்காரர் எய்லிஃப் மறுபடியும் கேட்டுவிட்டார். அக்டோபரில் அவரை வடக்கே பூடோவுக்கு மாற்றுகிறார்கள். கல்யாணம் செய்துகொண்டு கூட வா என்கிறார். எனக்கு நாற்பத்தோரு வயது, அண்ணா. எனக்குப் போக வேண்டும்.

வீடும் மண்ணும் மூத்த மகனான உன்னுடையவை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்தத் தோட்டத்தை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது? நீ வா, அல்லது ஆள் பார், அல்லது விற்றுவிடு. தேசியத் தோட்டச் சங்கத்தின் தலைமை அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிற உனக்கு ஒரு தோட்டக்காரன் கிடைக்க மாட்டானா?

பதில் ஒரு வரி போதும்.

உன் தங்கை,
ராக்னி

ஆஸ்லோ, 14 ஏப்ரல்

அன்புள்ள ராக்னி,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. ஜலதோஷம் போய்விட்டது. நீ நலம் என்று அறிந்து நிம்மதி.

இங்கே ஒரே அமர்க்களம். சங்கத்துக்கு இந்த வருஷம் எழுபத்தைந்து. அதன் வரலாற்றை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பாதிரியார்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து ஆரம்பித்ததாம். அப்போது ஃபியோர்டுக் கடலோர ஜனங்கள் மீனையும் உருளைக்கிழங்கையும் விட்டால் வேறொன்றும் சாப்பிடாதவர்கள். சங்கத்து ஆட்கள் துடுப்புப் படகில் பண்ணை பண்ணையாகப் போய், கேரட் என்றால் என்ன என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு ஊரில் அதன் இலையைத் தின்றுவிட்டுக் கிழங்கைப் பன்றிக்குப் போட்டார்களாம். போர்க்காலத்தில் ரோஜாவைப் பிடுங்கிவிட்டு உருளை நடச் சொன்னதும் சங்கம்தான். அப்பா பிடுங்காமல் நடுநடுவே நட்டது உனக்கு நினைவிருக்கும்.

நத்தைத் தொல்லை ஆரம்பித்துவிட்டதா? என்ன செய்கிறாய்? ரோஜாக்களை எப்போது கவாத்து செய்தாய்? விவரமாக எழுது. நீ எப்போதும் எழுதுகிற மாதிரியே, மழை, காற்று எல்லாம் சேர்த்து. உன் கடிதம் வந்தால்தான் எனக்கு வசந்தம் வந்த மாதிரி இருக்கிறது.

அன்புடன் அண்ணன்,
ஸிவெர்ட்

ஹர்டாங்கர், 9 மே

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். நீ சுகம்தானே?

கல்யாண விஷயம் கேட்டால் நீ கேரட் கதை சொல்கிறாய். எய்லிஃபிடம் அதைப் படித்துக் காட்டினேன். சிரித்து ஓய்ந்துவிட்டு ஒன்று சொன்னார்: "உங்க அண்ணன்கிட்ட நான் உன்னைப் பொண்ணு கேக்கல, ராக்னி. உன்கிட்டதான் கேக்கறேன். வரியா இல்லையா, அத மட்டும் சொல்லு. பியோனிகிட்ட கேட்டுட்டு வரேன்னு சொல்லாத." அவர் சொன்னது உண்மை, அண்ணா.

நத்தைக்கு நான் விஷம் வைப்பதில்லை. சாயங்காலம் பழைய பலகை ஒன்றைப் பாத்தியில் கவிழ்த்துப் போட்டால், ஈரத்துக்கு எல்லாம் அதனடியில் கூடிவிடும். காலையில் பலகையைத் திருப்பி வாத்துகளைக் கூப்பிட்டால் போதும். கவாத்து, பிர்ச் மரம் இலை விட்ட அன்றைக்கு. நாள்காட்டி பார்த்து வெட்டுகிறவர்கள் ஆஸ்லோக்காரர்கள்.

பார், உன்னைத் திட்ட உட்கார்ந்தவள் மறுபடி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா போனபிறகு சங்கப் பத்திரிகையும் இங்கே வருவதில்லை. அனுப்புகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்கிறாய். பூடோவில் என்ன வளரும் என்று அதில் யாராவது எழுதினார்களா?

பதில் எழுது. இந்தத் தடவை எனக்கு.

ராக்னி

ஆஸ்லோ, 25 மே

அன்புள்ள ராக்னி,

நலம், நலமறிய ஆவல். நற்செய்தி ஒன்று! ஆண்டுவிழாவுக்காகச் சங்கத்து உறுப்பினர்கள் நீராவிப் படகில் மேற்குக் கரையைச் சுற்றி வருகிறார்கள். நமது தோட்டத்திலும் இறங்குகிறார்கள்! ஜூன் 20, சனிக்கிழமை. காபியும் வாஃபிளும் கொடுத்தால் போதும். எனக்கு வரலாற்றுப் புத்தகத்தின் அச்சுவேலை, வர இயலாது.

மற்ற விஷயத்தைக் கோடைக்குப் பிறகு பேசலாம். இப்போது நீ போனால் அப்பாவின் பெயர் என்ன ஆகும்? வழிகளுக்குப் புதுச் சரளை போடு.

அன்புடன்,
ஸிவெர்ட்

ஹர்டாங்கர், 24 ஜூன்

ஸிவெர்ட் அண்ணா,

சுகமாக இரு. நான் இருக்கிற நிலையை இதற்குக் கீழே எழுதியிருக்கிறேன்.

வந்தார்கள். தொப்பியும் குடையுமாக அறுபது பேர். நல்ல மனிதர்கள். பாத்தியை மிதிக்காமல் நடக்கத் தெரிந்தவர்கள். ட்ரொண்ட்ஹைமிலிருந்து வந்த அம்மா ஒருவர் முழங்காலிட்டு, மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு நேரே என்னிடம் வந்து கேட்டார்: "ஸிவெர்ட் ஐயா எங்க? ஒரு வெள்ளைப் பியோனிக்குத் திமிர்னு எழுதியிருந்தாரே, அது எதும்மா?"

எழுதியிருந்தாரா, எங்கே என்றேன். அவர் கைப்பையிலிருந்து சங்கப் பத்திரிகையை எடுத்தார். 'என் வேலிக்குள்ளிருந்து.' கீழே உன் பெயர். நாலு வருஷமாக மாதாமாதம் வருகிறதாம். எல்லாரும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்களாம். "நீங்க அவர் வீட்ல வேலைக்கு இருக்கீங்களா?" என்று அந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்றைக்கு அவர்கள் போனபிறகு, எனக்காக விட்டுச்சென்ற பழைய இதழ்களை எல்லாம் படித்தேன். என் சிவப்பு மூக்கு, என் பலகை, என் வாத்து. ஒரு சொல்லைக்கூட நீ மாற்றவில்லை. கோபத்தின் நடுவிலும் அது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதற்காக என்மீதே எரிச்சல் வந்தது. ஏப்ரல் கடிதத்தில் எய்லிஃப் இருந்த இடத்தை வெட்டிவிட்டு மேலேயும் கீழேயும் ஒட்டியிருக்கிறாய். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாய், தெரியவே இல்லை.

நான் உன்னிடம் அழுதுகொண்டிருந்தேன். நீ பத்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ராக்னி

ஆஸ்லோ, 2 ஆகஸ்ட்

அன்புள்ள ராக்னி,

ஐந்து வாரமாக எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ உலகத்துக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வந்திருக்காது, எனக்கு எழுதியதால்தான் வந்தது. நான் அதைச் சுமந்துகொண்டுபோய்ச் சேர்த்தேன், அவ்வளவுதான். அதோடு இங்கே ஆட்குறைப்புப் பேச்சு நடக்கிறது. அந்தப் பத்தி இல்லாவிட்டால் என் நாற்காலியும் இல்லை. ஐம்பது வயதில் நான் எங்கே போவது? எனக்கு ஒரு தொட்டிச்செடிகூட வளர்க்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. வந்துபோனவர்கள் புகழ்ந்த புகழ்ச்சியில் நிர்வாகக் குழு நம் தோட்டத்தைச் சங்கத்தின் மாதிரித் தோட்டமாக அறிவித்துவிட்டது. பத்து வருஷத்துக்கு. உரிமையாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாசலில் மாட்டப் பித்தளைப் பலகை வரும். அப்பா இருந்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

ஆகஸ்டில் நீ என்ன விதைக்கிறாய்?

ஸிவெர்ட்

ஹர்டாங்கர், 18 ஆகஸ்ட்

அண்ணா,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என்னுடையதை இந்தத் தோட்டம் பார்த்துக்கொள்கிறது.

பலகை வந்துவிட்டது. மாட்ட வந்த ஆள் நாலு திருகாணி போட்டு முறுக்கிவிட்டுப் போனான். பத்து வருஷம். எனக்கு ஐம்பத்தொன்று ஆகும். நீ கையெழுத்துப் போட்டபோது யாரை எழுதிக் கொடுத்தாய் என்று யோசித்தாயா?

ஜூலையில் எய்லிஃபின் அக்காவைப் பார்க்க பெர்கனுக்கு நாலு நாள் போனேன். இரண்டாம் நாளே திரும்பிவிட்டேன். ஃபியோர்டுப் பக்கம் மழையில்லை என்று வானொலியில் சொன்னார்கள், எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. கூட வந்திருந்த எய்லிஃப் திட்டவில்லை, படகுவரை வந்தார். "இத பாரு, அக்டோபர் ஆறாம் தேதி கப்பல்ல ரெண்டு சீட்டு போட்டிருக்கேன். நீ வராட்டி ஒண்ணு காலியா போகும். அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன், ராக்னி. எனக்கும் மானம் இருக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், அதனால் இன்னும் பயமாக இருந்தது.

பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். முடியவில்லை. இவை ஒவ்வொன்றும் நான் கையால் மண் தள்ளி வளர்த்தவை. தண்ணீரில்லாமல் சாகட்டும் என்று விட்டுவிட்டுப் போனால், பூடோவில் எந்தப் படுக்கையிலும் எனக்குத் தூக்கம் வராது. பக்கத்துப் பண்ணைகளில் கேட்டேன். பித்தளைப் பலகையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, சங்கத்துத் தோட்டமா, எங்களுக்கு எதுக்கு வம்பு" என்கிறார்கள். நான் செடிகளைச் சாக விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ நிம்மதியாக இருக்கிறாய்.

கடைசியாகக் கேட்கிறேன். ஒரு ஆளை அனுப்பு. என்னை விடு.

ராக்னி

ஆஸ்லோ, 30 ஆகஸ்ட்

அன்புள்ள ராக்னி,

நலம்தானே? அவசரத்தில் எழுதுகிறேன். நாளை ஹெல்சிங்கிக்குப் புறப்படுகிறேன், பல நாட்டுத் தோட்டச் சங்கங்களின் மாநாடு. அங்கிருந்து ஸ்வீடன் பண்ணைகளைப் பார்த்துவிட்டு அக்டோபர் பிறந்துதான் திரும்புவேன்.

அடுத்த இதழ் செப்டம்பர் 20 அன்று வெளிவரும். நீ வழக்கம்போல் எழுதி, பத்தாம் தேதிக்குள் அலுவலகத்துக்கே அனுப்பிவிடு. தட்டச்சு செய்கிற திருமதி தாங்கன் மேலே உள்ள விசாரிப்பையும் கீழே உள்ள கையொப்பத்தையும் எடுத்துவிட்டு, நடுவில் இருப்பதை அப்படியே அச்சுக்குக் கொடுப்பார். என் எழுத்தில் அவர் ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டார். நான் எழுதியதைத்தான் நீ படியெடுத்து அனுப்புகிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த இதழ் சங்கத்தின் முதல் விதியைப் பற்றியது: கேட்கிற உறுப்பினருக்குச் செடி இல்லை என்று சொல்லக் கூடாது. அதைத் தொட்டு நாலு வரி எழுது. ஆள் விஷயம் நான் திரும்பியதும்.

அன்புடன்,
ஸிவெர்ட்

ஹர்டாங்கர், 8 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

பயணம் சுகமாக அமையட்டும். கம்பளிச் சட்டை எடுத்துப்போ.

பியோனியைப் பிரித்து நடச் சரியான மாதம் இதுதான். இலை வாடத் தொடங்கும், வேர் உறங்கப் போகும். அந்த இடைவெளியில் தோண்டினால் செடிக்கு வலிக்காது. ரோஜாக்களை இன்னும் ஒரு வாரம் கழித்துத் தோண்டலாம், வேரைச் சுற்றி ஈரச்சாக்கு கட்ட வேண்டும்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தோட்டத்தை விட்டு நான் போகிறேன். கல்யாணம் செய்துகொண்டு வடக்கே பூடோவுக்குக் குடிபோகிறேன். என்னை ஒருவர் விரும்பிக் கேட்டிருக்கிறார், இந்த வயதில் அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. எனக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. என் செடிகளைத் தண்ணீரில்லாமல் சாக விட எனக்கு மனமில்லை.

நம் சங்கத்தின் முதல் விதி எல்லாருக்கும் தெரியும். கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. நான் கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்: இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடும் சாக்கோடும் வாருங்கள். எது வேண்டுமோ தோண்டிக்கொள்ளுங்கள். ஒன்றையும் மிச்சம் வைக்க வேண்டாம். ஆப்பிள் மரங்களை மட்டும் விட்டுவிடுங்கள், அவை யார் தயவும் இல்லாமல் இருக்கும். கொண்டுபோகிற பியோனியை ஆழமாகப் புதைக்காதீர்கள். காபி உண்டு.

உன் தங்கை,
ராக்னி

ஹர்டாங்கர், 5 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

நீ திரும்பியிருப்பாய். பயணக் களைப்பு தீர்ந்ததா? நான் நாளைக் கப்பலில் போகிறேன். நடந்ததை நீ பத்திரிகையில் படிப்பதற்கு முன் என் வாயால் கேட்டுவிடு.

உன் பெயரில் அப்படியே அச்சான பத்தியைப் படித்துவிட்டு, அந்த ஞாயிறு காலை முதல் படகிலேயே வந்துவிட்டார்கள். அடுத்த படகில் நிற்க இடமில்லை, துறைக்காரன் கூடுதலாக ஒரு படகை ஓட்டினான். சர்ச்சுக்குப் போகிற உடையில், கையில் மண்வெட்டி. வாசலில் வரிசையில் நின்று, தோண்டலாமா என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். நம் ஜனங்களுக்குத் திருடக்கூடத் தெரியாது. ரோஜாவுக்காக இரண்டு வாத்தியார்கள் சண்டையிட்டு, கடைசியில் நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதி எடுத்துப் போனார்கள். சாக்குக் கட்டிக் கட்டி எய்லிஃபின் விரலே தேய்ந்துபோனது. தோண்டியவர்கள் குழியை மூடி, சீப்புக்கொத்தால் வாரி, சமன்செய்துவிட்டுத்தான் போனார்கள்.

ட்ரொண்ட்ஹைம் அம்மா வெள்ளைப் பியோனியைக் கேட்டார். நானே தோண்டினேன். மண்ணிலிருந்து அது வர மறுத்தது, நானும் கொஞ்சம் மறுத்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதினது நீங்கதானே?" என்றார்.

"ஆமா."

"அன்னைக்கு வேலைக்காரின்னு கேட்டுட்டேன். மன்னிச்சுக்கம்மா."

"பரவால்ல. அப்படித்தான் இருந்தேன்."

அவர் பியோனியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார். வெளியே யாரிடமாவது சொல்வாரா என்று தெரியாது, நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாலையில் வெறும் மண்ணைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். பிறகு படுத்தவள் விடியும்வரை புரளவே இல்லை. இப்போது மழை பெய்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பித்தளைப் பலகையை யாரும் எடுத்துப்போகவில்லை. சாவி துறைக்காரனிடம்.

ராக்னி

ஆஸ்லோ, 30 அக்டோபர்

அன்புள்ள ராக்னி,

பூடோவில் குளிர் தாங்குகிறதா? எனக்கு மூன்று வாரமாக இருமல், நெஞ்சைப் பிடிக்கிறது.

அலுவலகத்தில் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவர் என்னைக் கட்டிப்பிடித்து, "ஆளு அமுக்கமா இருந்துட்டு காரியத்த முடிச்சிட்டீங்களே!" என்றார். சங்க வரலாற்றிலேயே முதல் விதியை இப்படி யாரும் நிறைவேற்றியதில்லையாம். மாதிரித் தோட்டம் என்றால் இனி இதுதான் என்று குழுவில் பேசினார்களாம். வெள்ளிக் காபிக் குடம் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள், 'மணமக்களுக்கு' என்று பொறித்து. நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து, வீட்டுக்காரம்மாவை எப்போது காட்டுவீர்கள் என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். பூடோவில் குடியிருந்துகொண்டு தினமும் ஆஸ்லோ அலுவலகத்துக்கு எப்படி வருகிறீர்கள் என்றுகூட ஒருவர் கேட்டார்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் நின்று பார்த்தேன். எந்தப் பாத்தி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, ராக்னி. ஒன்றுகூடத் தெரியவில்லை.

வாசகர் கடிதங்கள் மூட்டையாக வருகின்றன. பத்தியை வடக்கிலிருந்து தொடரச் சொல்கிறார் தலைவர். கோபம் வேண்டாம். அங்கே மண் எப்படி, எது வளரும், காற்று எந்தப் பக்கம், நாலு வரி எழுது. எய்லிஃபுக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்,
ஸிவெர்ட்

பூடோ, 22 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

நானும் எய்லிஃபும் நலம். உன் வணக்கத்தைச் சொன்னேன். அந்தப் பெயரை நீ எழுதியது இதுதான் முதல் தடவை.

இங்கே மண் மெலிந்தது, அடியில் பாறை. காற்றைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. எழுதியும்விட்டேன். நேற்றே திருமதி தாங்கனுக்கு அனுப்பிவிட்டேன். மேலே விசாரிப்பு இல்லை, கீழே 'ராக்னி' என்று இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், முந்தைய பத்திகளை எழுதியது யார் என்பதையும். உன்னை யாராவது கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் அதை யோசிக்க வேண்டியவள் நான் இல்லை.

காபிக் குடத்தை அனுப்பிவை. அது எங்களுடையது.

இந்தக் கடிதத்தில் தோட்டம் இல்லை, பார்த்தாயா? முழுக்க உனக்குத்தான். இருமலுக்கு என்ன சாப்பிடுகிறாய்? மருத்துவரைப் பார்த்தாயா? பதிலில் அதை எழுது.

உன் தங்கை,
ராக்னி